சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியாச்சு... அது பலிச்சுதுன்னு எப்போ தெரியும்? ஊருக்கு லீவுல வந்தா என்ன ஆகும்?

வளைகுடாவில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு லீவு தொடங்குவது திருவனந்தபுரம் விமான நிலையத்தில். அங்கிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி களியக்காவிளை வந்தால் தமிழ்நாடு. நாகர்கோவிலுக்கு மொத்தமே சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த 70 கிலோமீட்டர் பயணம் ஒருவரின் ஏழு மாத உழைப்பைக் காலி செய்துவிடலாம்.

பூதப்பாண்டிக்காரர் ஒருவரை கற்பனை செய்துகொள்ளலாம். வயது 29, ஷார்ஜாவில் வேலை. கல்லூரி நாட்களில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நண்பனிடம் வாங்கி இழுத்த ஒற்றை சிகரெட்டில் ஆரம்பித்து, வேலைக்குப் போன பிறகு நாளுக்கு 12 வரை வந்தவர். இரண்டு முறை புத்தாண்டுக்கு விட்டார். இரண்டு முறையும் பொங்கலுக்குள் திரும்பிவிட்டார். மூன்றாவது முறை அறைத் தோழர் சொன்னார் என்று வேப்புக்கு மாறினார். அமீரகத்தில் 2019 ஏப்ரலில் இருந்து இதன் விற்பனைக்கு சட்டப்படி அனுமதி உண்டு. கடையில் லேபிளோடு, பில்லோடு கிடைக்கும். ஏழு மாதமாக சிகரெட் தொடவில்லை.

இப்போது லீவு. பெட்டி கட்டும்போது அந்தச் சின்னக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். எடுத்துக்கொண்டு போனால் இந்தியச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட பொருளின் இறக்குமதி. விட்டுவிட்டுப் போனால், ஊரில் தெருவுக்குத் தெரு பெட்டிக்கடை. அங்கே சிகரெட் வாங்க எந்தத் தடையும் இல்லை.

இந்த இடத்தில்தான் பேச்சு வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. "வேப்பும் விஷம்தான், தடை சரி" என்று ஒரு கட்சி. "வேப் ஒண்ணும் செய்யாது, அரசாங்கத்துக்கு வேலையில்ல" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே அந்த பூதப்பாண்டிக்காரருக்கு உதவாது.

முதலில், 'பலிச்சுது' என்றால் என்ன?

சிகரெட்டை விட்ட நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது நிஜமாகவே போய்விட்டது என்று தெரிந்த நாள் பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. அது சத்தம் போட்டு வருவதில்லை. ஒரு நாள் சாயா குடித்து முடித்த பிறகுதான், அந்தக் கடைசி மடக்கோடு பற்ற வைக்கும் பழக்கம் நினைவுக்கே வரவில்லை என்பது உறைக்கும். கல்யாண வீட்டில் பந்தல் பின்னால் நிற்கும் கூட்டத்தில் ஒருவன் பாக்கெட்டை நீட்டி, "லேய், ஒண்ணு எடு" என்பான். கை நீளாது. "வேண்டாம்டே" என்று சொன்ன பிறகுதான், அதைச் சொல்ல மெனக்கெடவே இல்லை என்பது புரியும். வீட்டில் அம்மா சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் துவைக்கப் போடுவார். அதுவும் ஒரு சான்றிதழ்தான்.

உடம்பும் கணக்கு வைக்கிறது. சிகரெட் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் அது ஓரிரு நாட்களில் இறங்கிவிடும். வாசனையும் ருசியும் திரும்பும். இருமல், மூச்சு வாங்குவது அடுத்து வரும் மாதங்களில் மெல்லக் குறையும். தோவாளை பூச்சந்தையைத் தாண்டிப் போகும்போது பிச்சிப்பூ வாசம் மூக்கில் ஏறினால் அதுவும் கணக்கில் வரும்.

பிரிட்டனில் சிகரெட்டை விட உதவும் அரசு மையங்களில் இதை வெறும் வாய்வார்த்தையாக ஏற்பதில்லை. ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளவு குறைவாக இருந்தால்தான் விட்டதாகப் பதிவு. வேப் இழுப்பவர் ஊதினாலும் அந்த அளவு ஏறாது. காரணம், வேப்பில் எதுவும் எரிவதில்லை.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வீட்டில் வேப், வெளியே சிகரெட். ஆபீஸில் வேப், சனிக்கிழமை ராத்திரி சிகரெட். "பன்னிரண்டுல இருந்து மூணா குறைச்சுட்டேன்" என்று இவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். சந்தோஷப்படலாம், ஆனால் பலிச்சுது என்று சொல்ல முடியாது. 2018-ல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, நாளுக்கு 20 சிகரெட் இழுப்பவருக்குக் கூடுதலாக வரும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று இழுப்பவருக்கும் வருகிறது என்று காட்டியது. சிகரெட் எண்ணிக்கை குறைவது போல ஆபத்து குறைவதில்லை. பூஜ்யத்துக்கு வர வேண்டும். வேப்புக்கு மாறியது பலித்ததா என்பதற்கு ஒரே கேள்விதான் இருக்கிறது: சிகரெட் பூஜ்யமா, இல்லையா?

புகை வேறு, ஆவி வேறு

இந்த வித்தியாசம் புரியாமல் இந்த விவகாரத்தில் கருத்து சொல்பவர்கள் அதிகம். சிகரெட்டிலோ பீடியிலோ இலை எரிகிறது. இழுக்கும் நொடியில் நுனியில் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்த எரிதலில் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் உருவாகின்றன. தாரும் கார்பன் மோனாக்சைடும் வருவது அங்கிருந்துதான். மனிதரை அடிமையாக்குவது நிகோட்டின். கொல்வது பெரும்பாலும் அந்தப் புகையில் வரும் மற்ற சரக்கு. பிரிட்டிஷ் மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-லேயே இதே கருத்தை எழுதினார்.

வேப்பில் ஒரு பேட்டரி, ஒரு சின்னச் சுருள் கம்பி, கொஞ்சம் திரவம். திரவத்தில் புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனைச் சரக்கு. கம்பி சூடானதும் திரவம் ஆவியாகும். தற்போதைய வடிவத்தை 2003-ல் உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். அவரும் சிகரெட்டை விட முடியாமல் தவித்தவர்தான்.

அதற்காக ஆவி என்றால் ஆவி பிடிப்பது மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. நிகோட்டின் அப்படியே இருக்கிறது, அடிமைத்தனமும் அப்படியே. வாசனைச் சரக்குகளைச் சூடாக்கி 30 வருடம் நுரையீரலுக்குள் இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, இன்னும் 30 வருடம் ஓடவில்லை. இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு 2015-ல் வேப்பின் தீங்கு சிகரெட்டைவிட சுமார் 95 சதவீதம் குறைவு என்று சொன்னது. அந்த எண் நிபுணர்களின் மதிப்பீடுதானே, அளந்து எடுத்ததா என்ற விமர்சனமும் உடனே வந்தது. விமர்சனம் நியாயமானது. ஆனாலும் சிகரெட்டை முழுசாக விட்டு வேப்புக்கு மாறுபவருக்கு ஆபத்து கணிசமாகக் குறைகிறது என்பதில் அங்குள்ள மருத்துவ அமைப்புகளுக்கு சந்தேகம் இல்லை. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-ல் இதையே விரிவான அறிக்கையாக வெளியிட்டது. சிகரெட் பிடிக்காதவர் வேப் ஆரம்பித்தால்? அவருக்கு லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் மட்டும்தான். ஒரே பொருள், ஆளுக்கு ஆள் கணக்கு மாறுகிறது. சட்டம் எழுதுபவர்களுக்குத் தலைவலியே இதுதான்.

100 பேரில் 18 பேர்

வேப் நிஜமாகவே உதவுகிறதா என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பீட்டர் ஹாயக் குழு வெளியிட்டது. பிரிட்டனில் சிகரெட்டை விட வந்த 886 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் மாதிரியான மாற்றுப் பொருட்கள். இன்னொரு பிரிவுக்கு வேப். இரண்டு பிரிவுக்கும் குறைந்தது நான்கு வாரம் நேரடி ஆலோசனை. ஒரு வருடம் கழித்து ஊதவைத்துப் பார்த்தபோது, வேப் பிரிவில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். மற்ற பிரிவில் 9.9 சதவீதம்.

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேப் ஆதரவாளர்கள் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். மீதியையும் படிக்க வேண்டும். வேப் பிரிவிலேயே 82 பேருக்குப் பலிக்கவில்லை. பலித்தவர்களிலும் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மற்ற பிரிவில் பேட்ச், கம் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம் மட்டும். சிகரெட் போனது, நிகோட்டின் போகவில்லை. 2024-ல் அதே இதழில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வும் கிட்டத்தட்ட இதே படத்தைத்தான் காட்டியது.

இது தோல்வியா? சிகரெட்டால் வரும் புற்றுநோய்க்கு பயந்து விட்டவருக்கு இது தோல்வி இல்லை. "எதுக்கும் அடிமையா இருக்கக் கூடாது" என்று விட்டவருக்கு இது பாதி வழி. இரண்டில் எதற்காக விட்டோம் என்பதை அவரவர்தான் சொல்ல முடியும்.

இன்னொரு விஷயம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. அந்த ஆய்வில் கொடுத்தது திரவம் நிரப்பிப் பயன்படுத்தும் கருவி. நிகோட்டின் அளவு மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் உச்ச வரம்பே 20 மில்லிகிராம். நம் ஊரில் கள்ளத்தனமாகக் கைமாறும், மாம்பழம் தர்பூசணி படம் போட்ட யூஸ் அண்ட் த்ரோ வேப்களில் '5 சதவீதம்' என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஏதோ குறைவு மாதிரி தோன்றும். அது மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். அந்த லேபிளும் உண்மையா என்று பரிசோதிக்க ஆள் கிடையாது. ஆய்வில் பலித்ததை மேற்கோள் காட்டி இதை இழுப்பது, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்குப் பதில் சந்தையில் விற்ற பொட்டலத்தை விழுங்குவது மாதிரி.

இந்தியா ஏன் தடை செய்தது?

2019 ஒரு விசித்திரமான வருடம். பிப்ரவரியில் ஹாயக் ஆய்வு. ஏப்ரலில் அமீரகம் கதவைத் திறந்தது. மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரிகளில் குவிந்த செய்தி உலகமெல்லாம் ஓடியது. அங்கே 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிப்பு, 68 பேர் மரணம். அதற்கு முக்கியக் காரணம் கஞ்சாச் சாறு கலந்த கள்ளச்சந்தை கார்ட்ரிட்ஜ்களில் இருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்பது பிறகு தெரிந்தது. அதே வருடம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் பயன்படுத்துவதாக அந்நாட்டு அரசு சர்வே சொன்னது. இந்த எண்ணைப் பார்த்து எந்த அரசாங்கம்தான் பயப்படாது?

2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அறிவித்தவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தமிழ்நாடு அதற்கு ஒரு வருடம் முன்பே, 2018-லேயே தடை போட்டுவிட்டது.

சட்டம் சொல்வது இது: இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் முறை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை அல்லது 50,000 ரூபாய் வரை. 'பயன்படுத்துவது' குற்றம் என்று சட்டத்தில் நேராக எழுதப்படவில்லை. அதை வைத்து "நான் இழுக்கத்தான் செய்றேன், விக்கலையே" என்று வாதம் செய்பவர்கள் உண்டு. எந்த வடிவில், எந்த அளவில் வைத்திருந்தாலும் அது சட்ட மீறல்தான் என்பது சுகாதார அமைச்சகத்தின் நிலைப்பாடு. எது எப்படியோ, விமான நிலையத்தில் அந்த வாதம் எடுபடாது. பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தால் அது இறக்குமதி. சிங்கப்பூர் வழியாக வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம், 2025-ல் மயக்க மருந்து கலந்த வேப்கள் பிடிபட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது.

சட்டத்தை எவ்வளவு பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. மக்களவைக்குள்ளேயே எம்.பி. ஒருவர் வேப் இழுக்கிறார் என்று 2025 டிசம்பரில் பாஜக எம்.பி. அனுராக் தாக்கூர் சபாநாயகரிடம் புகார் சொன்னார். அதற்குப் பிறகு வடசேரியில் இருக்கிற பையனிடம் என்ன பேசுவது?

தடை சரி. மீதிப் பாதி எங்கே?

பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துப் பார்த்தால் தடையை எடுத்துவிடச் சொல்ல முடியாது. இங்கே ஏற்கெனவே பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்கா தடை. ஆனால் 2024-ல் கூல் லிப் பள்ளி மாணவர்கள் கையில் புழங்குவதைப் பற்றி மதுரை உயர்நீதிமன்றக் கிளை கவலையோடு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. தடை செய்த பொருளே பிள்ளைகளிடம் இப்படிப் போய்ச் சேரும் ஊரில், தடை இல்லாத கலர் கலரான வேப் எங்கெல்லாம் போகும் என்று யோசித்தால் வயிறு கலங்கும். வயதைப் பார்த்துத்தான் விற்பார்கள் என்று சொல்பவர்கள், 18 வயதுக்குக் கீழே சிகரெட் விற்கக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே நடக்கும் வியாபாரத்தைப் போய் ஒரு சாயங்காலம் பார்க்கலாம்.

ஆனால் தடை என்பது பாதி வேலைதான். பெரியவர் ஒருவர் சிகரெட்டிலிருந்து வெளியே வர வைத்திருந்த ஏணியை எடுத்துவிட்டால், வேறு ஏணி வைக்க வேண்டிய கடமை எடுத்தவருக்கு இருக்கிறது. அந்த வேலை நடக்கவில்லை.

2016-17-ல் நடந்த தேசிய சர்வேயின்படி இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம். பீடி 7.7, சிகரெட் 4. அதாவது நம் பிரச்சினையின் பெரிய பங்கு பீடி. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்களுக்கு ஷார்ஜாக்காரரின் வேப் கதை எட்டவே எட்டாது. அவர்களுக்கும் விட ஒரு வழி வேண்டும். இந்தச் சூழலில் 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்த அதே கூட்டத்தில் பீடி மீதான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது. பீடி சுற்றும் பெண்களின் வயிற்றுப்பிழைப்பு என்ற காரணம் பொய் இல்லை. பக்கத்துத் திருநெல்வேலிப் பக்கம் போனால் தெரியும். ஆனால் வேப் விஷயத்தில் "மக்கள் உடல்நலத்தில் சமரசம் இல்லை" என்று பேசியவர்கள் பீடிக்கு மட்டும் வேறு தராசு எடுக்கும்போது கேள்வி வரத்தான் செய்யும். பொதுத்துறை நிறுவனமான எல்ஐசியிடம் ஐடிசியின் பங்குகள் சுமார் 15 சதவீதம் இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதே நாட்டில்தான், 2008 அக்டோபர் 2-ல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பீடி இழுத்த காலத்தை இன்றைய 25 வயதுக்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய கமிட்டி வேண்டாம். நிகோட்டின் மாற்று சிகிச்சை, 2022-ல் திருத்தப்பட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் நிகோட்டின் மாற்றுப் பொருட்கள், வேரனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டுள்ளன. வேப்பை அந்த அமைப்பு பரிந்துரைக்கவில்லை. சரி, அப்படியானால் பரிந்துரைத்ததையாவது கொடுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பிரஷர் மாத்திரை வாங்கும் அந்த வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருக்கலாம். மாத்திரை கொண்டுவரும் அதே பையில் நிகோட்டின் கம் ஒரு அட்டையும் வர வேண்டும். பிரஷருக்கு மருந்து கொடுத்துவிட்டு, அதைக் கெடுக்கும் பீடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போவது அரைகுறை வைத்தியம்.

அந்த பூதப்பாண்டிக்காரருக்கு இப்போது என்ன வழி?

கருவியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஊரில் 'கிடைக்கும்' என்று யாராவது சொல்லும் லேபிள் நம்ப முடியாத சரக்குப் பக்கம் போகக் கூடாது. முதல் சில நாட்கள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், காரணம் இல்லாமல் வீட்டில் சண்டை வரும். நிகோட்டின் திடீரென்று நின்றால் முதல் வாரம்தான் மோசம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். லீவே 30 நாள் என்பதால் அது முடிவதற்குள் திரும்பும் டிக்கெட் வந்துவிடும் என்பது ஒரு சங்கடம். ஏழு மாதத்தை வடசேரியில் ஒரு சாயாவோடு தொலைக்காமல் இருக்க இடையில் ஒரு தாங்கல் வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் நிகோட்டின் தேடும் ஆளுக்கு பொதுவாக 4 தேவைப்படும், அதனால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, தெரிந்த டாக்டரிடமோ ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் எடுக்கவே கூடாது.

1800-11-2356 என்ற எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. பாக்கெட் வாங்குபவர்தான் அதைப் பார்ப்பார். ஒற்றை சிகரெட் வாங்குபவர் பார்க்கவே வாய்ப்பில்லை. இலவச அழைப்பு. தென்னிந்திய மொழிகளுக்கான சேவை பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து நடக்கிறது, தமிழில் பேசலாம். ஒரே போனில் முடியாது. விடும் தேதியைக் குறித்துக்கொண்டு, அவர்களே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

கம் வாங்கியவர்களில் பலர் "ஒரு எஃபெக்ட்டும் இல்ல, நெஞ்செரிச்சல்தான் வந்துது" என்று இரண்டாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். காரணம், அதைச் சாதா சூயிங்கம் மாதிரி சவைத்து எச்சிலை விழுங்குவது. அப்படிச் செய்தால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய்விடும், வேலை செய்யாது. மெதுவாக நாலைந்து தடவை கடிக்க வேண்டும். நாக்கில் சுள்ளென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி கடிக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி.

குமரிக்காரர்களுக்கு இதில் ஒரு கஷ்டமான நிபந்தனை உண்டு. கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்னாலும், வாயில் இருக்கும்போதும் சாயா, காபி, கூல்டிரிங்க்ஸ் எதுவும் கூடாது. வாயில் புளிப்பு ஏறினால் நிகோட்டின் உறிஞ்சப்படாது. ஆக, நண்பர்களோடு சாயாக்கடைக்குப் போகிற வழியில் போடாமல், சாயா குடித்து முடித்து, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். சிகரெட் பாக்கெட் நீளும் நேரமும் சரியாக அந்தக் கால் மணி நேரம்தான். அதனால் முதல் இரண்டு வாரம் கட்டஞ்சாயாவை வீட்டிலேயே குடித்துக்கொள்வது உத்தமம்.